இரண்டு நாள் தள்ளிப் பிறந்த அத்தை

எங்கள் தெருவில் கரண்ட் போவதற்காகக் காத்திருந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி என் அத்தை, இன்னொருத்தி நான். மற்ற எல்லாரும் ஏழு மணி ஆனதும் விசிறியும் கையுமாக வாசலுக்கு வந்து, இன்னாரை என்றில்லாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மாடியில் ஏறி நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். ஊர் உலகத்துக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற தூத்துக்குடியில், எங்கள் மாப்பிள்ளையூரணியில் ஒரு ஃபேன் சுற்ற வழியில்லை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்துக்குச் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை முறை வைத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் கிழக்கே துறைமுகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். மற்றபடி ஊரே அணைந்து, அதற்கு மேலே வானம் முழுசாக வந்து நிற்கும்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளை வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் அப்பாதான். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஓர் ஆபீசில் அத்தை கன்டெய்னருக்குப் பேப்பர் போடுகிற வேலையில் இருந்தாள். பகல் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து, சோடா பாட்டில் கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, எனக்குப் பத்து.

கப்பலில் கழித்துப் போட்ட சாமான்களை விற்கிற கடை ஒன்றில் அத்தை ஒரு பைனாகுலரை வாங்கி வந்தாள். ஏதோ ஒரு கப்பலில், யாரோ ஒரு மாலுமி, எந்தெந்தக் கடலிலோ கரை தேடிய பைனாகுலர். வலது கண்ணாடியின் ஓரத்தில் கீறல் இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டினால் என் தலை தானாகக் குனிந்துவிடும். "நகை நட்டுன்னு வாங்கி வைக்கிற வயசுல இரும்பத் தூக்கிட்டு வாராளே" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா அதைக் கையில் வாங்கி, எதிர்க்கடையின் விலைப்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நல்ல சாமான்தான் என்று திருப்பிக் கொடுத்தார்.

பைனாகுலரில் வானம் பார்க்கக் கை ஆடக்கூடாது. அதற்கு எங்களுக்குக் கிடைத்தது தண்ணீர் டிரம். புறவாசலில் முருங்கை மரத்தடியில் நின்ற பெரிய நீல டிரம். எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால், அதை நிரப்பி மூடி வைத்திருப்போம். நிறைந்த டிரம் யார் முட்டினாலும் அசையாது. மூடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் நட்சத்திரம் வைத்த இடத்தில் நிற்கும். ஒரே குறை, முருங்கை தெற்கு வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது. தெற்கே பார்க்க வேண்டுமென்றால் துவைக்கிற கல் பக்கம் திறந்த வெளிக்குப் போய், வெறுங்கையில் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் கை வலித்து வானமே நடுங்க ஆரம்பித்துவிடும்.

அத்தை எனக்குப் பாடமெல்லாம் நடத்தவில்லை. அவளுக்கு என் கண் தேவைப்பட்டது. அந்தச் சோடா பாட்டில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வெறுமனே வானத்தில் எதையும் கண்டுபிடிக்க அவளால் முடியாது. நான் விரலை நீட்டிக் காட்டுவேன், அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, விரல் போகிற திசையில் பைனாகுலரைத் திருப்புவாள். மார்கழியில், மழை கழுவிவிட்டுப் போன வானத்தில், வடக்கே ஒரு மங்கல் தெரிந்தது. "அத்தை, அங்கன யாரோ விரலால தேச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றேன். அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அது இன்னொரு நட்சத்திர மண்டலமாம். நம்முடையது மாதிரியே தனியாக ஒன்று. மனுஷன் மனுஷனாக ஆகும் முன்பே அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இன்றைக்குத்தான் நம் புறவாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னாள். நான் அன்றைக்கு அவளை வாய் பிளந்து பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வானத்தைவிட அவள்தான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தாள்.

அப்புறம் மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. தை மாதத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒரு புகை. பங்குனியில் உச்சந்தலைக்கு மேலே பூசம். வெறுங்கண்ணுக்கு ஒரு திட்டு, பைனாகுலரில் ரவையைச் சிந்தின மாதிரி. நான் பூச நட்சத்திரத்தில் பிறந்தவள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவள் திகைத்துப் போனாள். பூசம், ஆயில்யம் என்பதெல்லாம் திங்கள், செவ்வாய் மாதிரி பஞ்சாங்கத்தில் இருக்கிற பெயர் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். "ஏ யம்மா, பூசத்தக் கண்ணால பாக்கலாமா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைகாசியில் தெற்கே தாழ்வாக ஓர் உருண்டை, அதற்குள் பல லட்சம் நட்சத்திரங்கள் என்றாள் அத்தை. "யாருளா எண்ணுனா?" என்று அப்பா கேட்டார். கடைக்காரருக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

எல்லாவற்றையும்விட அத்தை காத்திருந்தது ஆவணிக்கு. ஆவணி மாதம் ஏழரை மணிக்குத் தெற்கே பார்த்தால் ஒரு பெரிய தேள் வானத்தில் நிமிர்ந்து நிற்கும். அதன் வால் சுருண்டு முடிகிற இடம்தான் மூலம். கொடுக்கில் இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டினாற்போல இருக்கும். அதற்கு இடது பக்கம் கொஞ்சம் மேலே போனால், கை நிறைய அள்ளி இறைத்த மாதிரி ஒரு கூட்டம். நான் பார்த்ததிலேயே அழகான இடம் அதுதான். நம் பால்வீதிக்கு நடு என்பதும் அந்தப் பக்கம்தானாம். அத்தை பிறந்தது மூல நட்சத்திரத்தில். இவ்வளவு நல்ல இடத்தில் பிறந்திருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஊருக்கு அந்தப் பொறாமை இல்லை. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்பா கொஞ்ச காலம் தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார். யாராவது காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டால், அவருக்குக் கல்யாண வயதில் பையன் உண்டா என்று விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. "அண்ணே, எழவு வீட்டுல போய் சம்பந்தம் பேசாதிய" என்று அத்தை ஒருநாள் சொன்னபிறகுதான் அதை விட்டார். கடைசியில் ஒரு ஜோசியர் வழி சொன்னார். ஜாதகத்தையே புதிதாக எழுதிவிடலாம் என்று. அதிலும் சிக்கல் இருந்தது. மூலத்துக்கு முன்னால் இருப்பது கேட்டை, அது புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது. பின்னால் இருப்பது பூராடம், அது தாலிக்கே ஆகாது. ஆகவே என் அத்தை முழுசாக இரண்டு நாள் தள்ளிப் பிறந்து, உத்திராடத்தில் வந்து சேர்ந்தாள்.

"பொய் சொல்ல வேண்டாம்ணே" என்று அவள் ஒரே ஒரு முறை சொன்னதை நான் கேட்டேன். அப்பா கடையில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "ஏளா, எனக்காக. எனக்காக ஒரு தடவ." வளர்த்த அண்ணன் கை கூப்பினால் யாரால் பேச முடியும்? அத்தை உள்ளே போய்விட்டாள். எனக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. பெரியவர்கள் வானத்தைப் பார்க்காததால் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உத்திராடம் எங்கே, மூலம் எங்கே! அத்தையிடம் போய், "நீ உத்திராடமா மாறிட்டியா?" என்று கேட்டேன். "சாயங்காலம் பாரு, மாறிருக்கான்னு" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

உடன்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக முடிவானது ஆவணி மாதம் வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருப்பட்டி வியாபாரம் செய்கிற குடும்பம். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. அவருடைய அப்பா நல்ல திடகாத்திரமான மனிதர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர். எந்த நேரத்தில் வரச் சொல்லலாம் என்று அப்பா யோசித்தபோது, "ராகு காலம் கழிச்சு வரச் சொல்லுங்கண்ணே, அதான் முறை" என்று அத்தை சொன்னாள். அத்தைக்கே விருப்பம் வந்துவிட்டது என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். காராச்சேவும் மஸ்கோத் அல்வாவும் வாங்கி வைத்தார். அம்மா அத்தைக்கு வளையல் போடும்போது, "கையி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?" என்று கேட்டாள். "சோப்பு ஒத்துக்கல" என்றாள் அத்தை. நான் புறவாசலுக்கு ஓடினேன். டிரம் முருங்கை அடியை விட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன், நிறையத் தண்ணீர். வருகிறவர்கள் கை கால் கழுவ வசதியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எப்போதும் பீரோவில் இருக்கும் பைனாகுலர் அன்றைக்குப் புறவாசல் கதவு ஆணியில் தொங்கியது.

ஆறரை மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உத்திராடத்துப் பொண்ணு வீட்டுக்கு நல்லது" என்றாள். இல்லை, மூலம் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தாள். வாயை மூடு என்று சொல்கிற பார்வையாக அது இல்லை. அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. அப்பா எமர்ஜென்சி லைட்டைத் தேடி எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா சட்டையைப் பிடித்து உதறிக்கொண்டே, "உள்ள வேக்காடா இருக்கு தம்பி, நான் செத்த பொறத்த நிக்கேன்" என்று எழுந்தார். "தாத்தாவுக்குப் பொறவாசலக் காட்டுளா" என்று அத்தை என்னிடம் சொன்னாள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மேற்கே கீற்றாகப் பிறை இறங்கிக்கொண்டிருந்தது. தெற்கே தேள் தலையிலிருந்து வால் வரை முழுசாக நின்றது. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதைக் கொடுக்க வேண்டும் அல்லவா? நான் ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்து வந்து, டிரம் மூடியில் முழங்கையை ஊன்றச் சொல்லிக் கொடுத்தேன்.

"அந்த வால் நுனியப் பிடிங்க தாத்தா. அங்கேர்ந்து இடது பக்கம், கொஞ்சம் மேல."

முதலில் அவர் தடுமாறினார். பிறகு அசையாமல் நின்றுவிட்டார். "ஏ யம்மா!" என்றார். "இம்புட்டா! அறுவது வருசமா இது தலைக்கு மேல கெடக்கு, நான் பாத்ததே இல்லையே!" அந்தப் பெரிய மனிதர் பைனாகுலரை விடவே மாட்டேன் என்கிறார். கொஞ்சம் அந்தப் பக்கம் போகிறார், திரும்ப வருகிறார், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இது எந்த நட்சத்திரம் தாயி?"

"மூலம் தாத்தா" என்றேன் பெருமையாக. "எங்க அத்த நட்சத்திரம். உள்ள உத்திராடம்னு தப்பாச் சொல்லுதாவ. அது அந்தா அங்கன, ரொம்பத் தள்ளி இருக்கு."

பின்னால் வெளிச்சம் அசைந்தது. எமர்ஜென்சி லைட்டோடு அப்பா கதவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. பெரியவர் உடனே திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பைனாகுலரின் வாரைச் சுருட்டி, பத்திரமாக என் கையில் கொடுத்தார். "நல்லா இருக்கு தாயி. ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தோளில் மட்டும் கை வைத்து, "போன் போடுதேன் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரும் சத்தம் போடவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் கார் தெரு முனை திரும்பவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது.

அம்மா என் தொடையில் கிள்ளிய தடம் ஒரு வாரம் இருந்தது. அப்பா கிள்ளவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. போன் வரவே இல்லை. பதிலாகப் பத்து நாள் கழித்து, உடன்குடி பஸ்ஸில் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வந்தது, வானம் காட்டிய பிள்ளைக்கு என்று. அம்மா அதைத் தொடமாட்டேன் என்று இரண்டு நாள் வைராக்கியமாக இருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து தீரும் வரை அந்தக் கருப்பட்டியில்தான் எங்களுக்குக் காப்பி.

அவர்கள் கிளம்பிப் போன அன்று நான் பைனாகுலரைப் பீரோவில் வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அத்தை பட்டுச்சேலைகூட மாற்றாமல் வந்து அதை எடுத்துக்கொண்டாள். "வாளா, இன்னுங் கொஞ்ச நேரத்துல தேளு சாஞ்சிரும்." நான் வரமாட்டேன் என்றேன். என்னால்தானே கல்யாணம் நின்றது என்று தேம்பினேன். "நீ என்ன செஞ்ச? கேட்டாரு, காட்டுன" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெருவிளக்கு எரிந்ததால் வானம் பாதிதான் தெரிந்தது. ஆனாலும் டிரம்மில் முழங்கையை ஊன்றி அவள் தன் நட்சத்திரத்தைப் பார்த்தாள். பைனாகுலருக்குக் கீழே அவள் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. எனக்காக அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன்.

அதற்கப்புறம் அப்பா ஜாதகம் எழுதவில்லை. நாலு வருஷம் கழித்து, ஆபீசில் பழக்கமான ஒருவரை அத்தை கட்டிக்கொண்டாள். அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாளே அந்த மாமனாரிடம் அத்தை தன் நட்சத்திரத்தைச் சொன்னாளாம். "எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, கொழுப்பு இருக்கு. வரிசைல கடேசியா உன் நட்சத்திரம் நிக்கட்டும்" என்றாராம் அவர். இன்றைக்கும் தினமும் பீச் ரோட்டில் நடக்கப் போகிறார். ஆனாலும் அந்த உடன்குடிப் பெரியவரின் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம், அத்தையின் நாலு வருஷத்தை நான் கெடுத்தேன், அவள் பெரிய மனசோடு மன்னித்தாள் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம், சென்னையில் நான் இருக்கிற வீட்டு மாடியில் ஒரு தண்ணீர் டிரம்மை ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. அதே நீல டிரம், அதே அளவு. முதுகு கொடுத்துத் தள்ளியும் ஓர் அங்குலம் அசையவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். அன்றைக்கு முருங்கையடியில் நின்ற டிரம் துவைக்கிற கல்லுக்கு எப்படி வந்தது? ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணிக்கு முடியும். ஏழு மணிக்குக் கரண்ட் போகும். ஆவணியில் ஏழரைக்கு மூலம் தெற்கே நேராக நிற்கும். எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் சேர்த்து யோசிக்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள்.

அத்தைக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்காமல் நேராக, "அந்த டிரம்ம யாரு நகத்துனது?" என்று கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், எந்த டிரம் என்று அவள் கேட்கவில்லை. சிரித்தாள்.

"பதினாலு கொடம்ளா. மோந்து வெளிய வச்சு, டிரம்ம இழுத்துப் போட்டு, திரும்பப் பதினாலும் ஊத்துனேன்" என்றாள். "அண்ணன் முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது. அந்த வீட்டுல வானத்த மாத்திச் சொல்லத் தெரியாதவ நீ ஒருத்திதான இருந்த."